முட்டையை அவர்களே உரிக்கட்டும்: பாலர் வகுப்பில் தன் வேலையைத் தானே செய்யவும் சிக்கலைச் சேர்ந்து தீர்க்கவும் பழக்குவது எப்படி

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் வாரத்தில் 3 நாள் குழந்தைகளுக்கு அவித்த முட்டை தரப்படுகிறது. இருபது குழந்தைகள் வருகிற ஒரு மையத்தில் அத்தனை முட்டையையும் உரித்துத் தட்டில் வைப்பது உதவியாளருக்குச் சின்ன வேலையன்று. நான் முன்பருவக் கல்வி வகுப்பில் பணிக்குச் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகள் அவருடன் அமர்ந்து நானும் உரித்தேன். குழந்தைகள் சம்மணமிட்டு வரிசையாக உட்கார்ந்து, தட்டையும் எங்கள் கைகளையும் மாறி மாறிப் பார்த்தபடி காத்திருப்பார்கள். உதவியாளர் விடுப்பில் இருந்த ஒரு நாள், அடுப்பையும் பிள்ளைகளையும் ஒருசேரப் பார்க்க முடியாமல், ஆறிய முட்டையை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்து "நீங்களே உரிங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது ஒருவன் முட்டையைத் தரையில் ஓங்கி அடித்து, மஞ்சள் கரு பிதுங்கியதைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தி நகத்தால் சுரண்டி, ஓட்டோடு வெள்ளைக் கருவையும் பிய்த்து எடுத்திருந்தாள். அவர்களுக்கு நடுவே நான்கரை வயதுச் சிறுமி ஒருத்தி, முட்டையின் அகன்ற பக்கத்தைத் தட்டின் விளிம்பில் மெல்லத் தட்டி, அங்கே விழுந்த குழியில் கட்டைவிரலை நுழைத்து, உள்தோலோடு சேர்த்து ஓட்டை உரித்தாள். அந்தப் பக்கத்தில்தான் ஓட்டுக்கு உள்ளே காற்றறை இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. "இந்தப் பக்கம் தட்டுனா பள்ளம் விழுது, பாரு" என்று அருகில் இருந்தவனுக்குக் காட்டினாள். அவன் அடுத்தவனுக்குக் காட்டினான். அன்று சாப்பாடு 15 நிமிடம் தாமதமாயிற்று. இரண்டு வாரத்தில் அந்தத் தாமதமும் மறைந்துபோயிற்று. மூன்று வயதுக் குழந்தைகளுக்கு மட்டும் பெரிய பிள்ளைகள் ஓட்டை உடைத்துக் கொடுத்தார்கள், உரிப்பதை அந்தக் குழந்தைகளே செய்துகொண்டார்கள்.

அன்பினால் நாம் செய்து கொடுக்கிற ஒவ்வொரு வேலையும், செய்து பழகும் வாய்ப்பையும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பழகும் வாய்ப்பையும் குழந்தையிடமிருந்து சேர்த்தே எடுத்துக்கொள்கிறது என்பதை நான் அன்று கண்டேன். அந்த இரண்டையும் திருப்பிக் கொடுப்பதற்கு நான் கடைப்பிடித்து வருகிற வழிகளை இங்கே எழுதுகிறேன். அங்கன்வாடிப் பணியாளருக்கும், தனியார் மழலையர் பள்ளி ஆசிரியருக்கும், மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோருக்கும் இவை பயன்படும்.

எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்

முதலில் நம் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வயதுக் குழந்தை கையால் அள்ளிச் சாப்பிடும், இடம் வலம் மாறினாலும் செருப்பைத் தானே மாட்டிக்கொள்ளும், எலாஸ்டிக் வைத்த கால்சட்டையை இறக்கி ஏற்றிக்கொள்ளும், சிறு சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றும். நான்கு வயதில் பெரிய பட்டன்களைப் போடவும் கழற்றவும் முடியும். ஐந்து வயதில் தன் பையைத் தானே அடுக்கவும், தட்டைத் தேய்த்துக் கழுவவும், சீப்பைப் பிடித்து ஓரளவு தலை வாரவும் முடியும். கழிப்பறைக்குப் போய்வந்து சுத்தம் செய்துகொள்வதில் மட்டும் ஐந்து வயது வரையிலும் பெரியவர் ஒருவர் உடனிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இவை எல்லாம் ஏறத்தாழச் சொல்லும் எல்லைகளே. ஒரு குழந்தை ஆறு மாதம் முன்னேயோ பின்னேயோ இருப்பது இயல்பு.

சேர்ந்து விளையாடுவதிலும் இதே போன்ற வளர்ச்சி உண்டு. மில்ட்ரெட் பார்ட்டன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், முன்பள்ளிக் குழந்தைகளின் விளையாட்டைக் கூர்ந்து பார்த்து 1932இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் ஆசிரியர் பயிற்சிகளில் சொல்லப்படுகிறது. சின்னக் குழந்தைகள் தனித்தோ, ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அவரவர் விளையாட்டையோ ஆடுகிறார்கள். வயது ஏற ஏறத்தான் ஒரே நோக்கத்தோடு கூடி விளையாடுவது மிகுதியாகிறது. தான் நினைப்பது வேறு, மற்றவர் நினைப்பது வேறு என்கிற தெளிவும் பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வயதை ஒட்டித்தான் வருகிறது. ஆகையால் மூன்று வயதுக் குழந்தையிடம் "அவன் இடத்துல நீ இருந்தா உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்பதால் பயனில்லை. "அவன் அழறான், பாரு. கை வலிக்குதாம்" என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னால் அதற்குப் புரியும்.

அறையை மாற்றாமல் பழக்கத்தை மாற்ற முடியாது

மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். குழந்தையின் உடம்புக்கு ஏற்ற சிறு நாற்காலிகளும், எட்டி எடுக்கக்கூடிய தாழ்வான அலமாரிகளும் அவருடைய முறையின் அடையாளமாயின. அவர் 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார், போர்க் காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார் என்பதால், இந்தச் சிந்தனை நமக்கு ஒன்றும் அந்நியமானதன்று. ஆயினும் இன்று பல வகுப்பறைகளில் பொம்மைகள் இரும்பு பீரோவுக்குள் பூட்டியே இருக்கின்றன, தண்ணீர்க் குடம் மேடை மேல் இருக்கிறது, பைகள் பெரியவர்களின் தோள் உயர ஆணியில் தொங்குகின்றன. குழந்தை எதற்கெடுத்தாலும் "டீச்சர், எடுத்துக் குடுங்க" என்று வந்து நிற்கிறது என்றால், அப்படி வந்து நிற்கும்படி அறையை அமைத்தவர்கள் நாம்தான்.

மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 95 செ.மீ. என்பதை நினைவில் வைத்து, பை மாட்டும் ஆணிகளைத் தரையிலிருந்து 80 முதல் 90 செ.மீ. உயரத்தில் அடியுங்கள், கூரான ஆணியாக இல்லாமல், முனை மழுங்கிய கொக்கியாக இருக்கட்டும். எழுத்து தெரியாத குழந்தைகளுக்குப் பெயர்ச்சீட்டு உதவாது. ஒவ்வொருவருக்கும் குருவி, மாம்பழம், பேருந்து, குடை என்று ஒரு படத்தைக் கொடுத்து, அதே படத்தைக் கொக்கியிலும் தட்டிலும் டம்ளரிலும் ஒட்டிவிட்டால், முதல் வாரத்திலேயே அவரவர் பொருளை அவரவர் கண்டுகொள்வார்கள். தண்ணீருக்குக் கால் லிட்டர் கொள்ளும் சிறு சொம்பு ஒன்றும், கீழே சிந்தினால் துடைக்க ஒரு துணியும் அருகருகே இருக்க வேண்டும். சொம்பைவிடத் துணிதான் முக்கியம் என்பது என் அனுபவம். சிந்தினால் திட்டு விழும் என்று அஞ்சுகிற குழந்தை சொம்பைத் தொடாது. சிந்தினால் துடைத்துவிடலாம் என்று அறிந்த குழந்தை மறுநாளும் ஊற்றும்.

விளையாட்டுப் பொருட்களைப் பொறுத்தவரை, இருப்பதை எல்லாம் பரப்பி வைக்காமல் ஆறேழு வகைகளை மட்டும் வெளியே வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. மூன்று வயதுக் குழந்தைகள் மிகுதியாக உள்ள இடத்தில் ஒரே பொருளில் இரண்டு மூன்று வேண்டும். அந்த வயதில் பகிர்ந்துகொள்ளச் சொல்வது வீண் அழுகையைத்தான் தரும். நான்கு, ஐந்து வயதுக்காரர்களுக்கோ சில பொருட்கள் ஒன்றே ஒன்று இருப்பது நன்மை, ஏனென்றால் பேசி முடிவெடுக்க வேண்டிய தேவை அங்கேதான் பிறக்கிறது.

இருவர் சேர்ந்தால்தான் முடியும் என்கிற வேலைகளையும் வேண்டுமென்றே அன்றாட வழக்கத்தில் வையுங்கள். பெரிய கோரைப் பாயை ஒரு குழந்தை சுருட்டினால் ஒரு முனை கோணிக்கொண்டு போகும். இருவர் இரண்டு முனையிலும் உட்கார்ந்து ஒரே வேகத்தில் உருட்டினால்தான் பாய் நேராகச் சுருளும். இதை நான் சொல்லிக் கொடுத்ததில்லை. கோணிய பாயை மூலையில் நிறுத்தினால் அது சாய்ந்து விழும், விழுந்ததைப் பிரித்து மறுபடி சுருட்டுவார்கள், நான்காவது நாள் "நீ மெதுவா வா, நீ சீக்கிரம் வர்ற" என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்வார்கள். செடிக்கு ஊற்றும் வாளியின் பிடியில் கம்பைச் செருகி இரண்டு பேர் தூக்குவது, பெஞ்சை நகர்த்துவது, பட்டாணிக் காயை உரித்து ஒரே கிண்ணத்தில் போடுவது ஆகியவையும் இத்தகையவையே. வாளி பாதிக்கு மேல் நிரம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுதல்

எல்லாவற்றிலும் கடினமானது, உதவாமல் நிற்பதுதான். குழந்தை செருப்பின் வாரோடு போராடும்போது நம் கை தன்னால் நீளும். நான் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன்: என் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, மனத்துக்குள் மெதுவாக இருபது வரை எண்ணுவேன். பெரும்பாலான வேளைகளில் பதினைந்தை எட்டுவதற்குள் குழந்தை வேறொரு வழியில் முயன்று பார்க்கத் தொடங்கியிருக்கும். அப்போதும் முடியாமல் அது என்னை ஏறிட்டுப் பார்த்தால்தான் பேச்சைத் தொடங்குவேன்.

உதவி செய்வதிலும் படிகள் உண்டு. முதலில் ஒரு கேள்வி: "எங்க மாட்டிக்கிச்சு?" அது போதாவிட்டால் ஒரு குறிப்பு: "வாரை முதல்ல பின்னால தள்ளிப் பாரு." அதுவும் போதாவிட்டால் விரலால் இடத்தைக் காட்டுவது. கடைசியாகத்தான் கையால் தொடுவது. அப்போதும் வேலையின் தொடக்கத்தை நாம் செய்து, முடிவைக் குழந்தைக்கு விட வேண்டும். பட்டன் போடப் பழக்குவதை எடுத்துக்கொள்வோம். பட்டனைத் துளைக்குள் பாதி நுழைத்துக் கொடுத்து, மறுபக்கத்தில் இழுப்பதை மட்டும் குழந்தை செய்யட்டும். சில நாள் கழித்துக் கால்பங்கு மட்டும் நுழைத்துக் கொடுங்கள். அதன்பின் துளையை விரித்துப் பிடித்தால் போதும். ஒவ்வொரு நாளும் வேலையை முடித்த கை குழந்தையுடையதாக இருப்பதால் மறுநாள் அதுவே சட்டையைக் கொண்டுவந்து நீட்டும். தனியே செய்ய முடிந்ததற்கும், துணையிருந்தால் செய்ய முடிவதற்கும் இடைப்பட்ட வெளியில்தான் கற்றல் நடக்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னதை, இந்தப் பட்டன் துளையில் நான் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். அந்தத் துணை எப்போதும் பெரியவராக இருக்க வேண்டியதில்லை. "எனக்குத் தெரியல டீச்சர்" என்று ஒரு குழந்தை வந்தால், "யாருக்குத் தெரியும்னு கேட்டுப் பாத்தியா?" என்பதே என் முதல் விடை.

பாராட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "வெரி குட்", "சமத்துக் குட்டி" என்று வாய் ஓயாமல் சொல்வதைவிட, குழந்தை செய்ததை அப்படியே எடுத்துச் சொல்வது மேல். "ரெண்டு தடவை கழண்டு போச்சு, மூணாவது தடவை வாரைப் பிடிச்சுக்கிட்டே காலை விட்ட" என்றால், எது பலித்தது என்பது குழந்தையின் நினைவில் நிற்கும். அடுத்த முறை நம் முகத்தைப் பார்க்காமல் தன் காலைப் பார்க்கும்.

இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். ஒருவர் கையில் இருபது, இருபத்தைந்து குழந்தைகள் இருக்கிற நிலையில் அது நடக்காது, நமக்குக் களைப்பும் கோபமும்தான் மிஞ்சும். ஒரு மாதத்துக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்: முதல் மாதம் கை கழுவுதல், அடுத்த மாதம் தட்டை எடுத்து வைத்தல், அதற்கடுத்து செருப்பு.

ஒரு சைக்கிள், இரண்டு பேர்

சண்டையை அடக்குவது ஆசிரியரின் வேலை என்று நாங்கள் பயிற்றுவிக்கப்படாவிட்டாலும், அப்படித்தான் நடந்துகொண்டு வந்தோம். "யாரு முதல்ல எடுத்தது?" என்று விசாரித்து, தீர்ப்புச் சொல்லி, "சாரி சொல்லு" என்று ஒருவரை நிர்ப்பந்தித்து, பொருளைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிடுவோம். அறை அமைதியாகிவிடும். ஆனால் அடுத்த சண்டைக்கும் அவர்கள் நம்மிடமே வர வேண்டியிருக்கும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளித் திட்டத்திலிருந்து வளர்ந்த ஹைஸ்கோப் என்னும் கல்விமுறை, இதற்கு ஆறு படிகளைத் தருகிறது: அமைதியாக அருகில் சென்று காயம் படாமல் தடுப்பது, இருவரின் மனநிலையையும் வாய்விட்டுச் சொல்வது, நடந்ததைக் கேட்டறிவது, சிக்கலைத் திருப்பிச் சொல்வது, தீர்வுகளை அவர்களிடமே கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுவது, பிறகும் அருகிலிருந்து துணைசெய்வது. ஏட்டில் படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இந்தப் படிகள் முற்றத்தில் எப்படி நடக்கின்றன என்பதற்கு ஒரு நாள் நடந்ததை அப்படியே தருகிறேன்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மூன்று சக்கர சைக்கிள். நான்கு வயதுப் பையன் ஒருவன் கைப்பிடியைப் பிடித்திருந்தான், ஐந்து வயதுப் பெண் ஒருத்தி இருக்கையைப் பிடித்திருந்தாள், இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் குந்தி உட்கார்ந்தேன். நின்றுகொண்டு பேசினால் அது விசாரணையாகிவிடும். சைக்கிளின் சக்கரத்தின் மேல் என் கையை வைத்து, "கொஞ்ச நேரம் சைக்கிள் என்கிட்ட இருக்கட்டும், நான் எடுத்துட்டுப் போக மாட்டேன்" என்றேன். இந்த உறுதிமொழி இல்லாவிட்டால் பிடி தளராது. பிறகு, "நீ ரொம்பக் கோபமா இருக்க. உனக்கு அழுகையா வருது" என்று இருவரிடமும் தனித்தனியே சொன்னேன். நடந்ததைக் கேட்டபோது, அவள் தண்ணீர் குடிக்க இறங்கினாள், அவன் ஏறிக்கொண்டான் என்பது தெரிந்தது. இருவர் சொன்னதும் உண்மை. "ஒரு சைக்கிள் இருக்கு. ரெண்டு பேருக்கும் ஓட்டணும். என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் வந்த யோசனை "எனக்குக் குடுக்கலாம்" என்பதுதான். எப்போதும் அதுதான் முதலில் வரும். சிரிக்கவோ மறுக்கவோ கூடாது. "அது ஒரு வழி. அவனுக்குச் சம்மதமான்னு கேளு" என்றேன். அவனுக்குச் சம்மதமில்லை. நீண்ட மௌனத்துக்குப் பின் அவன், "அவ ஓட்டட்டும், நான் பின்னால தள்றேன், அப்புறம் நான்" என்றான். வேப்பமரம் வரை போய்த் திரும்பியதும் மாறிக்கொள்வது என்று முடிவாயிற்று. பத்து நிமிடத்தில் மறுபடி சத்தம்: அவள் மரத்தையும் தாண்டிக் கிணற்றடி வரை சுற்றி வருகிறாளாம். ஆறாவது படியை ஏன் வைத்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இம்முறை நான் கேட்பதற்கு முன்பே, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது பையன் ஒரு செங்கல்லை இழுத்து வந்து மரத்தடியில் வைத்து, "இங்க வரைக்கும்தான்" என்றான். அந்தச் செங்கல் பல மாதங்கள் அங்கேயே கிடந்தது.

தமிழ்க் குழந்தைகளுக்கு இவ்வகைக் கருவிகள் ஏற்கெனவே கையில் உண்டு, நாம்தான் அவற்றைக் கருவிகளாகக் கருதுவதில்லை. உள்ளங்கையையும் புறங்கையையும் காட்டி ஆளைப் பிரிக்கும் சாட் பூட் த்ரீ, விரலால் சுட்டிச் சுட்டி முடியும் இடத்தில் ஆளைத் தேரும் இங்கி பிங்கி பாங்கி ஆகிய இரண்டும், யார் முதலில் என்ற வழக்கைப் பெரியவர் இல்லாமலே தீர்த்துவைக்கின்றன. காய் விட்டவர்கள் பழம் விடுவது, வாயால் மன்னிப்புக் கேட்கத் தெரியாத வயதில் உறவைப் புதுப்பிக்கும் முறை. நாம் கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்கும் "சாரி"யைவிட அதில் உண்மை மிகுதி. விதிகளைப் பின்பற்ற முடியாத சின்னக் குழந்தையை ஆட்டத்தை விட்டு விலக்காமல் "ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. அந்தப் பெயர் உடல் குறையைச் சுட்டுவதால் அதை நான் வகுப்பில் பயன்படுத்துவதில்லை. "சும்மா ஆளு" என்று பிள்ளைகளே வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். வழக்கத்தை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. நடக்க முடியாத ஒரு குழந்தை எங்கள் வகுப்புக்கு வந்தபோது, ஓடிப் பிடிக்கும் ஆட்டத்தில் அவனை எப்படிச் சேர்ப்பது என்று பிள்ளைகள் தாமாகவே பேசி, அவன் உட்கார்ந்திருக்கும் இடத்தை "தாச்சி" ஆக்கினார்கள். அவனைத் தொட்டவர் அவுட் இல்லை என்பது விதியாயிற்று.

எல்லாச் சண்டையையும் இப்படி விட்டுவிட முடியாது. அடி, கடி, கண்ணருகே குச்சி, ஒரே குழந்தையைப் பலர் சேர்ந்து ஒதுக்குவது ஆகியவற்றில் உடனே குறுக்கிட வேண்டும், பேச்சு பிறகுதான். பசியோடும் தூக்கத்தோடும் இருக்கும் குழந்தைகளிடமும் தீர்வு கேட்காதீர்கள். சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி நேரத்தில் எழும் சண்டைகளுக்குச் சோறுதான் மருந்து. எப்போதும் விட்டுக்கொடுத்துவிடும் அமைதியான குழந்தையையும் தனியே கவனியுங்கள். அது சிக்கலைத் தீர்க்கவில்லை, விலகிப் போகிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கும் வேணும்னு சொல்லு, நான் இங்கயே இருக்கேன்" என்று சொல்ல வேண்டியிருக்கும்.

வட்டத்தில் உட்கார்ந்து

இருவர் சிக்கலைத் தீர்க்கத் தெரிந்தபின், எல்லோருக்கும் பொதுவான சிக்கலை எல்லோர் முன்னும் வைக்கலாம். வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம், வட்டமாக உட்கார்ந்தால் போதும். அதற்கு மேல் அவர்களால் உட்கார முடியாது. பேசுகிறவர் கையில் ஒரு சங்கையோ பந்தையோ கொடுத்துவிட்டால், யார் முறை என்பது கண்ணுக்குத் தெரியும். சிக்கல் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். "ஒற்றுமையாக இருப்பது எப்படி" என்று கேட்டால் வெறும் தலையாட்டல்தான் கிடைக்கும்.

எங்கள் வாசலில் செருப்புகள் குவியலாகக் கிடந்து, வீட்டுக்குப் போகும் நேரத்தில் தினமும் அழுகை நடந்தது. எல்லோரையும் அந்தக் குவியலைச் சுற்றி நிற்க வைத்து, "என் செருப்பைக் காணோம்னு நேத்து மூணு பேரு அழுதாங்க. என்ன பண்ணலாம்?" என்றேன். ஒருவன் எல்லோரும் வெறுங்காலில் வரலாம் என்றான். ஒருத்தி கோட்டில் வரிசையாக வைக்கலாம் என்றாள். சாக்பீஸால் காலின் படத்தை வரைந்து அதற்குள் செருப்பை விடலாம் என்று மற்றொருத்தி சொன்னாள். வெறுங்கால் யோசனையை நான் தள்ளவில்லை. "வெயில்ல கால் சுடுமே" என்று பிள்ளைகளே தள்ளினார்கள். காற்படம் வரைய ஒருவர் நிற்க, மற்றவர் சுற்றிக் கோடிழுக்க வேண்டும் என்பதால், அந்தக் காலைநேரம் முழுவதும் இணை இணையாக வேலை நடந்தது. மாலைக்குள் சாக்பீஸ் அழிந்துவிட்டது. மறுநாள் மறுபடி வரைந்தார்கள், மறுபடி அழிந்தது. மூன்றாம் நாள் ஒரு சிறுவன், தன் பாட்டி கோலத்தைச் சுற்றிப் பூசும் காவி சீக்கிரம் போகாது என்றான். உதவியாளர் அம்மா காவிக்கட்டியைக் கரைத்துக் கொடுத்தார். ஒரு பெரியவர் அரை மணி நேரத்தில் பெயிண்டால் முடித்திருக்கக்கூடிய வேலை எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரத்தை நான் பாடம் நடந்த வாரமாகவே பதிவேட்டில் எழுதினேன்.

வீட்டோடு ஒத்துப்போதல்

வகுப்பில் தானே சாப்பிடும் குழந்தை வீட்டில் பாட்டி ஊட்டினால்தான் சாப்பிடுகிறது என்று பெற்றோர் வருத்தப்படுவார்கள். ஊட்டிவிடுவது நம் வீடுகளில் அன்பின் மொழி. அதைக் குற்றமாகப் பேசக் கூடாது. பாட்டி கதை சொல்லி முதல் கவளம் ஊட்டட்டும், மீதியைக் குழந்தை சாப்பிடட்டும் என்று கேட்டால் பெரும்பாலான பாட்டிமார் இணங்குகிறார்கள். பெற்றோரிடம் நான் கேட்பவை எளியவை: எலாஸ்டிக் வைத்த கால்சட்டை, லேஸ் இல்லாத செருப்பு, குழந்தையால் திறக்க முடிகிற டப்பா, பையைக் குழந்தையே சுமந்து வருதல், காலையில் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புதல். இவற்றில் கடைசியானதுதான் கடினம். அவசரத்தில் இருக்கும் தாய் செருப்பை மாட்டிவிடத்தான் செய்வார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமையாவது விட்டுப் பாருங்கள் என்பேன்.

"பக்கத்துப் பள்ளியில் மூன்று வயதிலேயே எழுதுகிறார்கள், இங்கே பாய் சுருட்டுகிறார்களே" என்ற கேள்வியும் தவறாமல் வரும். தேசியக் கல்விக் கொள்கை 2020, மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள காலத்தை அடித்தள நிலை என்று வகுத்து, அதற்கு விளையாட்டும் செயல்பாடும் வழியான கற்றலையே முன்வைக்கிறது என்பதை நான் எடுத்துச் சொல்வதுண்டு. ஆனால் அவர்களை நிறைவு செய்வது கொள்கை அன்று. ஒரு நாள் மாலை கொஞ்சம் முன்னதாக வரச் சொல்லி, கதவோரம் நிற்க வைத்து, தம் பிள்ளை டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதைப் பார்க்க விடுவேன். பட்டனைத் துளைக்குள் நுழைக்கும் விரல்களும் பட்டாணி உரிக்கும் விரல்களும்தான் பின்னால் பென்சிலைப் பிடிக்கப்போகின்றன என்பதை அதன்பின் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஜூன் மாதம்

ஐந்து வயது முடிந்தவர்கள் பள்ளிக்குப் போய்விட, புதிதாக மூன்று வயதுக் குழந்தைகள் அழுதுகொண்டே வந்து சேரும் மாதம் இது. ஒவ்வொரு புதிய குழந்தைக்கும் பழைய பிள்ளை ஒருவரை இரண்டு வாரம் துணையாகப் போடுங்கள். குழாய் எங்கே, குருவிப் படம் எங்கே, அழுகை வந்தால் யார் மடியில் போய் உட்காரலாம் என்பதை எல்லாம் நம்மைவிட அவர்கள் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரே ஒரு தொல்லை உண்டு: துணையாகப் போட்ட பிள்ளை, நாம் செய்த அதே தவறைச் செய்யும். பையை வாங்கி மாட்டும், முட்டையை உரித்து ஊட்டும், செருப்பைக் கழற்றிவிடும்.

சென்ற ஜூனில் அப்படி ஒருத்தி, புதிய குழந்தையின் காலைப் பிடித்துச் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளை அழைத்து, "நீ வந்த புதுசுல டீச்சர் கை எங்க இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். அவள் சற்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போனாள். புதியவன் இடது செருப்பை வலது காலில் நுழைத்துத் திணறிக்கொண்டிருந்தான். அவள் அவன் எதிரே நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, உதடு அசைய ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினாள்.